இன்னும் கொஞ்சம் பின்னாடி

மாப்பிள்ளையின் முதுகு சுவரில் முட்டியது. கேமராவுக்குள் மாமனாரும் மாமியாரின் ஒரு காதும்தான் இருந்தார்கள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றாள் மனைவி.

"உங்கப்பா வந்துட்டார்."

மீதிப் பத்துப் பேர் வெளியே நின்றார்கள். அதில் ஒருவன் மச்சான். அவனை விமான நிலையத்துக்கு அழைத்துப் போக இன்னும் கால் மணியில் கார் வந்துவிடும். திரும்பி வர ஐந்து வருஷம்.

புது லென்ஸ், மாமனார் வாங்கிக் கொடுத்தது. அரை இருட்டிலும் பளிச்சென்று எடுக்கும். பார்த்ததுமே மாப்பிள்ளை மயங்கிப் போனான். ஆனால் கிட்டே இழுக்கவோ எட்டத் தள்ளவோ அதற்குத் தெரியாது, ஆள்தான் நடக்க வேண்டும். காதல் கல்யாணமாகி நாலு வருஷம், மாமனார் அவனை "உன் வீட்டுக்காரர்" என்று மகளிடம் குறிப்பிடுவதோடு சரி. நேற்று பெட்டியை நீட்டி "மாப்ளே" என்றார். இன்று சொதப்பினால் மறுபடி வீட்டுக்காரர்தான்.

இரண்டு வரிசையாக நெருக்கி நிறுத்தினான். இப்போது பாதிப் பேர் வந்தார்கள். முன்வரிசையில் மீசை மயிரை எண்ணலாம், பின்வரிசை ஒரே புகை.

"இதுல நான் எங்க?" என்றாள் மச்சினி.

"அந்தப் புகை நீதாம்மா."

"போன்லயே எடுத்துடலாமே!" என்றான் மச்சான்.

"மாப்ளதான் எடுக்கணும்," என்றார் மாமனார். "இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க மாப்ளே."

அவனுக்கு வியர்த்தது. எல்லோரையும் பால்கனிக்கு விரட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடினான். கீழேயிருந்து பார்த்தால் பன்னிரண்டு மோவாய்கள்.

"இன்னும் பின்னாடி!" மாமனார் மேலிருந்து கத்தினார்.

கார் வந்து ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் எதிர்வீட்டு மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி மணியை அடித்தான். மாமனாரோடு தினமும் நடக்கப் போகிறவர் கதவைத் திறந்தார். மூச்சிரைக்கப் பால்கனிக்குப் போய்க் கேமராவைத் தூக்கினான்.

பன்னிரண்டு பேரும் கச்சிதமாக உள்ளே இருந்தார்கள். நடுவில் மாமனார் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. எடுத்து முடித்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பினால் பின்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் மூடி வைத்த காபி.

"யாராவது வர்றாங்களா சார்?"

"உங்களுக்குத்தான். உக்காருங்க. கடைக்கு நானும்தானே கூடப் போனேன்? 'எடுக்கிற ஆள் எதிர்வீட்டுக்குப் போனாத்தான் குடும்பம் படத்துக்குள்ள வரணும், அப்படி ஒண்ணு குடுங்க'ன்னு கேட்டு வாங்கினார் உங்க மாமனார்."