மாமனாருக்குக் கிடைத்த தெளிப்பு ஞானஸ்நானம்

அன்று டெல்லி மயூர் விஹார் அடித்தள ஹாலில் இருந்தவர்கள்: கத்தோலிக்க பாதர், புராட்டஸ்டண்ட் சபைப் போதகரான ஐயர், பெந்தெகொஸ்தே பாஸ்டரான என் மாமனார், என் மனைவி எஸ்தர், மூன்று சபை ஜனங்களும் சேர்ந்து ஐம்பது பேர், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான். (தீயணைப்பு வண்டி பிறகுதான் வந்தது.)

நான் கத்தோலிக்கன். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் என்னோடு சேர்ந்து ஒரு ஜெபம்கூடச் செய்ததில்லை. "தலையில நாலு சொட்டு தெளிச்சா ஞானஸ்நானமா மாப்ள? முங்கி எந்திரிக்கணும்" என்பார்.

"ஒரே ஒரு தடவ நீங்களும் அப்பாவும் ஒண்ணா முழங்கால் போட்டு ஜெபிக்கிறத நான் பாத்துடணும்" என்றாள் எஸ்தர். அதற்காகவே, எல்லாச் சபைகளும் சேர்ந்து செய்யும் ஜனவரி ஒற்றுமை ஜெபத்துக்கு ஆறு மாதம் அலைந்தேன். சிலை இருக்கிற இடத்துக்கு மாமனார் வரமாட்டார் என்று பொது ஹால் பிடித்தேன்.

சாம்பிராணிக் கரி கனலும் தூபக்கலசத்தை அணையாமல் வைத்திரு என்றார் பாதர். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தரையில் வைத்தால் கார்பெட் எரியும். மேசையில் வைத்தால் யாராவது தட்டிவிடுவார்கள். கடைசியில், மேடைக்கு மேலே ஓடிய சிவப்புக் குழாயில், சங்கிலியைச் சுருக்கி மாட்டினேன். பக்கத்தில் பித்தளைப் பூ மாதிரி ஏதோ இருந்தது. (சூடு பட்டால் தீயணைக்கத் தண்ணீர் கொட்டுகிற சமாச்சாரம் அது என்று எட்டாம் வகுப்பு வரைக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.)

முதல் பாட்டு முடிவதற்குள் பூ வெடித்தது. டெல்லி ஜனவரித் தண்ணீர், துரு நிறத்தில், மூன்று போதகர்கள் தலையிலும் என் தலையிலும் பாரபட்சமில்லாமல் கொட்டியது. "அரே பையா, பானி பந்த் கரோ!" என்று, தண்ணீரை நிறுத்தச் சொல்லி, ஹால் காவலாளி சௌகிதார் என்னைப் பார்த்துக் கத்தினார். வால்வு எங்கே என்று அவருக்கே தெரியாது.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து ஒருவழியாகத் தண்ணீர் நின்றதும் மாமனார் பைபிளைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஓடிப்போய்க் கதவை மறித்தேன்.

"மாமா, நனஞ்சது நனஞ்சாச்சு. ஜெபத்த முடிக்காம விடமாட்டேன்."

பின்னாலிருந்து ஐயர், குளிரில் பல் தந்தியடிக்கக் கேட்டார்: "பாஸ்டர், இது தெளிப்பா, முழுக்கா?"

மாமனார் வேட்டியைப் பிழிந்தார். என்னைப் பார்த்தார். "ஒனக்கும் உள்பனியன் வரைக்கும் நனஞ்சிருக்கு. முழுக்குதான். வா மாப்ள, முழங்கால் போடு."

ஈரக் கார்பெட்டில் அவர் பக்கத்தில் முழங்காலிட்டேன். எஸ்தர் சிரித்தாளா அழுதாளா என்று பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு ஜனவரியும் மாமனார் தவறாமல் வருகிறார், குடையோடு. என் பக்கத்தில்தான் உட்காருவார். நான் எழுந்தால் மட்டும் குடையை விரிப்பார்.