ஒன்பதாம் வேற்றுமை

தமிழில் வேற்றுமை எட்டு. எங்கள் வீட்டில் ஒன்பது. ஒன்பதாவது எனக்கும் என் மனைவி வதனிக்கும் இடையில் உள்ளது.

நான் தன்னாமுனையில் தமிழ் வாத்தியார். ஆங்கிலம் முறையாகப் படித்ததில்லை. ஆனால் அதற்கு ஒரு சட்டம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். நம்முடைய வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். வெள்ளைக்காரனுடையது முன்னால் வந்து நிற்கும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். 'இல்' என்றால் 'இன்'. 'கு' என்றால் 'டு'. 'ஓடு' என்றால் 'வித்'. இதை வதனிக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் மறுத்துப் பேசியதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வதனி ஒரு வருஷமாக ஏறாவூரில் ஸாதியா டீச்சரிடம் ஆங்கில வகுப்புக்குப் போகிறாள். வாவிக்கரையில் ஒரு ஹோட்டலுக்கு வரவேற்பாளர் தேவை என்று விளம்பரம் வந்தது. அதைக் கத்தரித்து அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டினாள். எனக்கு முதலில் என் சாப்பாடுதான் நினைவுக்கு வந்தது. பள்ளி விட்டு வந்தால் சுடச்சுடச் சோறு, பொரித்த திரளி மீன், தேங்காய்ப்பாலில் வைத்த பாலாணக் கறி. இவள் வேலைக்குப் போனால் அதையெல்லாம் யார் ஆக்குவது? ஒரு சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்றுகூட எனக்குத் தெரியாது.

எப்பாடுபட்டாவது தடுப்பது என்று முடிவெடுத்தேன். சந்தர்ப்பம் தானாகவே வந்தது.

"இஞ்ச பாருங்க, விண்ணப்பத்தில மூணு இடத்தில எனக்குச் சந்தேகம். ரெண்டு ரெண்டு சொல்லாப் போட்டு வச்சிருக்கன். பிழையானத வெட்டித் தாங்க."

"உன்ட டீச்சரிட்டக் கேக்கலாமே, புள்ள?"

"அவ கொழும்புக்குப் போயிட்டா. போனிலயும் டேட்டா இல்ல. நாளைக்குத்தான் கடைசி நாள்."

"ஓம் ஓம், வச்சிட்டுப் போ."

சிவப்புப் பேனையை எடுத்தேன். கம்பியூட்டரில் கெட்டிக்காரி என்று சொல்ல 'குட்' போட்டு, பக்கத்தில் 'இன்', 'அட்' இரண்டையும் எழுதியிருந்தாள். கம்பியூட்டரில் என்றால் 'இன்'தானே சரி? அதையே வெட்டி, பிழையானதை விட்டுவைத்தேன். அடுத்தது, வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருந்தவள். 'ரெஸ்பொன்சிபிள்', 'டு'வா 'ஃபோர்'ஆ? 'கு' வந்தால் 'டு'. அதையும் வெட்டினேன். நாலு வாசிகசாலையா என்று முதலாளி குழம்பட்டும்! கடைசியாக, ஓர் ஆசிரியரோடு கல்யாணமானவள். 'மரீட் வித்'தா, 'மரீட் டு'வா? 'வித்'தை வெட்டினேன். இனி ஆசிரியருக்குக் கல்யாணம் என்றுதான் அர்த்தம் வரும். யாரோடு என்று அவர்களே தேடிப் பிடிக்கட்டும்.

வதனி அதை வாங்கி, நல்ல தாளில் எழுதி அனுப்பினாள். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, நேர்முகப் பரீட்சைக்குப் போனவள் ஓட்டோவிலிருந்து குதித்து இறங்கினாள்.

"கிடைச்சிட்டுதுங்க! கடிதத்தில ஒரு பிழையும் இல்லையெண்டு மனேச்சர் சொன்னார்."

"ஒரு பிழையும் இல்லையா? மூணு இருந்திருக்கணுமே!"

வாய் தவறி வந்துவிட்டது. வதனி கோபிக்கவில்லை. சிரித்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"நான் வேலைக்குப் போறது உங்களுக்கு விருப்பமில்லையெண்டு எனக்குத் தெரியாதா? சரியெண்டு நீங்க நினைக்கிறதத்தான் வெட்டுவீங்க."

"மறுகா? அதுக்குப் பிறகு?"

"மறுகா என்ன? உங்கட சட்டத்தில சரியெண்டு வாறது இங்கிலிசில பிழையாத்தான் இருக்கும். நீங்க வெட்டினது போக மிஞ்சினத அப்பிடியே எழுதினன்."

அகராதி கைவசம் இல்லாத நேரத்தில் என் கள்ளப்புத்தியையே அகராதியாக வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை நான் வெளியே சொல்லவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தேன். அடுப்படி குளிர்ந்து கிடந்தது. பானை மூடியில் வதனியின் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாள்.

'யூ ஆர் ரெஸ்பொன்சிபிள் ஃபோர் லஞ்ச்.'

சிவப்புப் பேனையோடு திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெட்டுவதற்கு வெங்காயம் மட்டும்தான் இருந்தது.