மூன்று வால் பூச்சி பார்த்த பொருத்தம்

படித்த படிப்பை எந்த இடத்தில் மூடி வைக்க வேண்டும் என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அது டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில், பெண் பார்க்கப் போன வீட்டில்தான் தெரிந்தது.

அறுபதுகளின் கடைசி. விலங்கியல் பட்டத்தோடு அந்தமானுக்குக் கப்பலேறி வந்த எனக்கு போர்ட் பிளேரில் தண்ணீர் சோதிக்கும் உத்தியோகம். (முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டிப் பூச்சி பிடிப்பதற்கு அப்படி ஒரு கௌரவமான பெயர்.) கல்லடியில் மூன்று வால் பூச்சி ஓடினால் ஓடை சுத்தம், சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் அழுக்கு. இந்த இரண்டு வரி தெரிந்ததற்கே, தீவைக் காப்பாற்ற வந்த மகான் என்று எனக்கு நினைப்பு.

அப்பாவும் அம்மாவும் மெயின்லேண்டில். அவர்களுக்குக் கப்பல் கிடைப்பதற்குள் பெண்ணுக்கு வேறு இடம் முடிந்துவிடும் என்பதால், ஆபீஸில் எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பிஸ்வாஸ் தாதாவே என் பெரியப்பாவாக வந்தார். வெற்றிலைத் தட்டு ஏந்திய வங்காளிப் பெரியப்பா.

சரஸ்வதி காபி கொண்டுவந்தாள். பார்த்ததும் பிடித்துவிட்டது. அத்தோடு கிளம்பியிருக்கலாம். மாடு வைத்துப் பால் விற்கும் அவள் அப்பா, "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டுத் தொலைத்தார்.

வாயால் சொன்னால் போதாதா? வீட்டுக்குப் பின்னால் ஓடிய நாலாவுக்கு (ஓடைக்கு அங்கே அதுதான் பெயர்) எல்லோரையும் அழைத்துப்போய், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் கல்லில் சிவப்புப் புழு. அடுத்ததிலும் அதே.

"உங்க தொழுவத்துக் கழுநீர் இதுல கலக்குது. வாயில வைக்கக் கூடாத தண்ணி" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"இப்ப குடிச்சீங்களே காபி, அது இந்தத் தண்ணிதான்" என்றார் அவர்.

அதே காபியை இரண்டு டம்ளர் குடித்திருந்த பிஸ்வாஸ் தாதா வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "லட்கா அச்சா ஹை, தோடா பாகல் ஹை" (பையன் நல்லவன், கொஞ்சம் கிறுக்கு) என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று வழியனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கே தெரியும். ரூமுக்கு வந்து அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து சரஸ்வதியின் அப்பாவே ஆபீஸுக்கு வந்து, மேஜைமேல் ஒரு ஜாம் பாட்டிலை வைத்தார்.

"தொழுவத்தைக் கீழ்ப்பக்கம் மாத்திட்டேன். மாத்துற வரைக்கும் என் பொண்ணு, அந்தக் கழுதை, எனக்குக் காபியே போட்டுத் தரல. பாத்துச் சொல்லுங்க."

பாட்டிலுக்குள் மூன்று வால் பூச்சிகள் துள்ளின.

"சுத்தம்" என்றேன்.

"அப்ப நாள் பாக்கலாமா, மாப்ளே?"

எங்களுக்குப் பொருத்தம் பார்த்தது ஜோசியர் இல்லை, பூச்சிதான் என்று பேரப்பிள்ளைகள் வரை சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காபி டம்ளரை வாங்கி ஒரு நொடி உள்ளே பார்த்துவிட்டால் போதும், சரஸ்வதி இடுப்பில் கையை வைத்துக்கொள்வாள்.

"என்ன, வால் எண்ணுறீங்களா?"