ஹேவோன் நகராட்சியின் கண்ணீர்த் திட்டம்

மனித குலம் எவ்வளவோ கண்டுபிடித்திருக்கிறது. சக்கரம், அச்சு இயந்திரம், பெனிசிலின். ஆனால் வரலாற்றைத் திரையில் தட்டித் தட்டி, அழுதுகொண்டே கற்கலாம் என்று கண்டுபிடித்த பெருமை தென்கொரியாவின் ஹேவோன் நகராட்சி ஒன்றையே சாரும். அதற்கு முழுமுதல் காரணகர்த்தா, 'வருங்கால வரலாற்றுப் பிரிவின்' குழுத் தலைவர் பாங் கிதே. வருங்காலத்துக்கு ஏது வரலாறு என்று கேட்டவர்கள் எல்லோரும் இப்போது வேறு பிரிவுகளில் வேலை பார்க்கிறார்கள்.

அவர் உருவாக்கிய கணினி விளையாட்டின் பெயர் 'கரும்புக்காட்டுக் கண்ணீர்'. நூறு வருஷத்துக்கு முன்னால் ஹவாய்த் தீவுக்குக் கப்பலேறிப் போன கொரியக் கூலிகள் பட்ட பாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது அதன் நோக்கம். பிள்ளை கூலியாக மாறிக் கரும்பு வெட்ட வேண்டும். குதிரையில் வரும் கங்காணி நம்பர் சொல்லிக் கூப்பிட்டுச் சாட்டையைச் சொடுக்குவான். பிள்ளை மனம் உருக வேண்டும்.

உருகவில்லை. சோதனை வகுப்பில் ஒருவன், "சார், அந்தக் குதிரையை எப்ப எங்களுக்குத் தருவீங்க?" என்று கேட்டான். பின் வரிசைப் பெண் ஒருத்தி மின்னல் வேகத்தில் கரும்பு வெட்டித் தானே கங்காணியாகி, மொத்த வகுப்பையும் சாட்டையால் விளாசிக்கொண்டிருந்தாள்.

மேயர் பாங்கைக் கூப்பிட்டனுப்பினார்.

"யோவ் பாங், திறப்பு விழாவுக்கு டி.வி.காரங்க வராங்க. முன்வரிசை அழணும். அழுதா நீதான் துறைத் தலைவர். அழலேன்னா கழிவுநீர் நிலையம். உனக்கு முன்னால இருந்தவர் அங்கதான் இருக்கார். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லைன்னு புலம்பறார்."

உடனே ஆலோசனைக் கூட்டம் கூட்டப்பட்டது. 'கள வல்லுநர்களின் பங்கேற்பு' தேவை என்று தீர்மானமாயிற்று. கடல் தாண்டிக் கூலிக்கு வந்தவர்கள் யார் யார் என்று யோசித்தபோது, ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் பண்ணைகளிலும் அப்படிப்பட்ட வல்லுநர்கள் நிறையப் பேர் இருப்பது நகராட்சிக்கு முதல் தடவையாகக் கண்ணில் பட்டது.

இருவர் வந்தார்கள். முள்ளங்கி ஊறுகாய் ஆலையில் வேலை செய்யும் நேபாளத்து லோக்பிரசாத், கீரைப் பண்ணையில் வேலை செய்யும் கம்போடியப் பெண் தியாரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இருவருக்கும் விடுமுறை. ஆகவே 'மதிப்பூதியம்' ஆளுக்கொரு முக்கோணச் சோற்றுருண்டை.

"எனக்கு அது வேணாம் சார்," என்றாள் தியாரி. "எங்க பண்ணை முதலாளி கு மான்சிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் சம்மதிச்சுக் கையெழுத்து போட்டாத்தான் நான் வேற பண்ணைக்குப் போக முடியும். கூடாரத்துக்குள்ள பூச்சிமருந்து அடிச்சு அடிச்சு மூச்சே விட முடியலே. மூணு தடவை கேட்டுட்டேன். சிரிக்கறார்."

"சொல்றேம்மா, கண்டிப்பா சொல்றேன்," என்றார் பாங். மனதாரத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அரசு ஊழியர், அவ்வளவுதான்.

விளையாட்டு தொடங்கியது. வல்லுநர்கள் அழுவார்கள் என்று பாங் கைக்குட்டைப் பெட்டியோடு காத்திருந்தார். தியாரி திரையைப் பார்த்து மலர்ந்துபோனாள்.

"ஐயோ, மர வீடு! கதவுல தாழ்ப்பாள் வேற இருக்கு பாருங்க!"

"ஏன், உங்க வீட்டுல இல்லையா?"

"வீடா? பிளாஸ்டிக் கூடாரம் சார். பாதியில கீரை, பாதியில நாங்க. கழிப்பறை வெளிய, வாய்க்கால் ஓரத்துல. கீரை இருக்கற பக்கம்தான் ஹீட்டர்."

லோக்பிரசாத்துக்குக் கங்காணியை ரொம்பப் பிடித்துவிட்டது. "தங்கமான மனுஷன். நம்பர் சொல்லிக் கூப்பிடறான். எங்க ஆலையில 'டேய்'ங்கறதோட சரி. பன்னெண்டு பேரும் திரும்பிப் பாக்கணும், யாரைத் திட்டறான்னு தெரியாது."

சொல்லிக்கொண்டே அவன் தன் கூலியைக் கரும்புக்காட்டை விட்டு வெளியே நடத்தினான். பாலத்தைத் தாண்டினான். அடுத்த தோட்டத்தில் போய் வேலை கேட்டான். கிடைத்தது. அவன் திரையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"சார், உங்க கேம்ல தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"நான் வேற முதலாளிகிட்ட போயிட்டேன். யாரும் பிடிக்கலே."

"அன்னிக்கு அப்படிப் போகலாமாம்பா. கேமுக்கு வரலாறு பார்த்துக் கொடுத்த பேராசிரியர் எழுதியிருக்கார்."

"பழைய முதலாளி சம்மதம் இல்லாமயா? ஊருக்குத் திருப்பி அனுப்ப மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

தியாரியும் தன் கூலியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடத்திப் பார்த்தாள்.

"சார்," என்றாள் தியாரி, "இந்த ஹவாய்க்கு விசா எங்க எடுக்கணும்?"

பாங்குக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கழிவுநீர் நிலையத்தின் வாடையும் கூடவே வந்தது. வல்லுநர்கள் சுட்டிக்காட்டிய 'குறைபாடுகள்' அத்தனையையும் அவர் போர்க்கால அடிப்படையில் களைந்தார். மர வீடு போய்ப் பிளாஸ்டிக் கூடாரம் வந்தது. நம்பர் போய் 'டேய்' வந்தது. கழிப்பறை வாய்க்கால் ஓரத்துக்குப் போயிற்று. தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால் முதலாளி கையெழுத்து கட்டாயம். பூச்சிமருந்தில் கூலி இருமி இருமிக் கேட்கும்போதெல்லாம் திரையில் முதலாளி சிரிப்பான். இந்த மும்முரத்தில் கு முதலாளியிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் விட்டுப்போயிற்று.

திறப்பு விழாவில் நகராட்சியின் வரலாறு காணாத வெற்றி. முன்வரிசை அழுதது. நடுவரிசை விம்மியது. மேயர் மூக்கைச் சிந்தினார். விழாச் செலவை ஏற்றுக்கொண்ட விவசாயிகள் சங்கத் தலைவர் கு மான்சிக்தான் எல்லோருக்கும் மேலே அழுதார். ஆமாம், தியாரியின் முதலாளியேதான்.

"பாவிங்க!" என்று தொடையில் அறைந்துகொண்டார். "அந்தப் புள்ளை இருமி இருமிக் கேக்குது, ஒரு கையெழுத்து போட மனசு வரலியே! இவன்லாம் மனுஷனா!"

மேயர் மேடைக்குத் தாவினார். "நம்ம முன்னோர்களை இப்படி நடத்தின ஹவாய்க்காரங்க மன்னிப்புக் கேக்கணும்! நாளைக்கே கண்டனத் தீர்மானம்!"

பேராசிரியர் பியோன் மெல்ல எழுந்தார். "மன்னிக்கணும் மேயர், இந்தச் சட்டமெல்லாம் ஹவாய்ல இருந்ததில்லையே."

"பின்னே எங்க இருந்துச்சு?"

அரங்கமே பாங்கைப் பார்த்தது. பாங், வல்லுநர் என்று விழாவுக்கு அழைக்கப்பட்டுச் சுவரோரம் நின்ற தியாரியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனிவரை வந்தது.

"கற்பனை சார்," என்றார் துறைத் தலைவர் பாங் கிதே. "முழுக்க முழுக்கக் கற்பனை. அந்தப் பொண்ணு சொன்னது."

"அபாரம்!" என்றார் மேயர். "இப்படியெல்லாம் ஒரு மனுஷியால யோசிக்க முடியுமா!" அந்த இடத்திலேயே 'ஹேவோன் கற்பனைத் திறன் விருது' உருவாக்கப்பட்டு, கு மான்சிக்கின் கையால் தியாரிக்கு வழங்கப்பட்டது. கண்ணாடிக் கேடயம். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இருமலை அடக்கிக்கொண்டு, தியாரி மெதுவாகக் கேட்டாள். "முதலாளி, அப்ப என் கையெழுத்து?"

கு மான்சிக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"ஏம்மா, இவ்வளவு நேரம் உக்காந்து அழுதேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? இன்னும் என்னதான் செய்யச் சொல்றே?"