ஹன்னுலா வீட்டுக்கு வந்த மேஸ்திரி

நேற்று சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் முதல் படியில் நின்ற தண்ணீர் இன்று இரண்டாம் படியில் நின்றது. மூன்றாம் படிக்கு அப்புறம் கதவு. கதவுக்கு அப்புறம் குளியல் பலகையும் அடுப்பும்தான்.

வெய்க்கோ ஹன்னுலா தோளில் துண்டோடு நின்று ஓடையைப் பார்த்தார். குறுக்கே, சவுனாவின் சுவரை ஒட்டி, குச்சியும் சேறுமாக ஓர் அணை. அணையின் மேல் அதைக் கட்டிய நீர்ப்பிராணி, ஒரு பீவர். ஆரஞ்சு நிறப் பல், துடுப்பு மாதிரி வால், எந்தக் காண்டிராக்டரிடமும் காணக் கிடைக்காத சுறுசுறுப்பு. அது இவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. வாலால் தண்ணீரில் பளாரென்று ஓர் அறை விட்டது. முங்கிவிட்டது.

"ஐலி! அந்தச் சனியன் மறுபடியும் ஏத்திக் கட்டியிருக்கு!"

"கட்டட்டும். சவுனாவுக்குள்ள குழாய் ஒழுகுது, அதைப் பாருங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அவர் மனைவி ஐலி, சமையலறை ஜன்னலிலிருந்து.

"சவுனாவே முழுகப்போகுதுங்கிறேன், நீ குழாயைப் பத்திப் பேசறே!"

எட்டு நாளில் நடுக்கோடைத் திருநாள். அன்று ஐலியின் சொந்தக்காரர்கள் முப்பத்தொரு பேர் ஹன்னுலா வீட்டுச் சவுனாவில் வேர்த்து வழிந்து ஓடையில் குதிப்பது வெய்க்கோவின் அப்பா காலத்து வழக்கம். கல்யாணத்துக்கு வராதவர்கள்கூட இதற்கு வந்துவிடுவார்கள். இங்கே முடியாது என்றால் மொத்தக் கூட்டமும் ஐலியின் அண்ணன் ஆர்மாஸ் வீட்டுக்குப் போகும். ஆர்மாஸ் வைத்திருப்பது மின்சாரச் சவுனா. விறகு கிடையாது, புகை கிடையாது, பொத்தானை அமுக்கினால் சூடு. அதில் உட்கார்ந்து வேர்ப்பதைவிட வேர்க்காமலே செத்துப்போகலாம் என்று வெய்க்கோ பல தடவை சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் ஆர்மாஸ் பக்கத்தில் இருக்கும்போது.

பீவரைப் பிடிக்க அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்த வனத்துறை அதிகாரி டோரிஸ் அப்போதே எச்சரித்திருந்தாள்.

"இது பழைய ஆளு சார். ரெண்டு தடவை பொறியில மாட்டித் தப்பிச்சிருக்கு. முன்னங்கால்ல ஒரு விரல் கிடையாது. ரொம்ப உஷார்."

"நான் நாப்பது வருஷமா பொறி வைக்கிறேம்மா. எனக்குப் பத்து விரலும் இருக்கு."

அன்று மாலை அணையில் ஓர் ஆள் அகலத்துக்கு உடைப்பு எடுத்து, அதன் வாயில் இரும்புப் பொறியை வைத்தார். உடைப்பைப் பார்த்தால் பீவர் அடைக்க வரும். வந்தால் மாட்டும்.

பீவர் வந்தது. அடைத்தது. காலையில் பார்த்தால் பொறி ஒரு பாப்ளர் மரக் குச்சியைக் கவ்விக்கொண்டு, சேறு பூசப்பட்டு, அணைக்குள்ளேயே பதிந்திருந்தது. முன்பு வெறும் அணை. இப்போது இரும்பு வைத்துக் கட்டிய அணை.

"மாப்ள, கம்பிக்கு நீங்க, கலவைக்கு அது. நல்ல கூட்டு," என்றார் ஆறுதல் சொல்ல வந்த ஆர்மாஸ். "எதுக்கும் எங்க வீட்டுல பொத்தானைத் தொடச்சு வைக்கச் சொல்லட்டுமா?"

"மச்சான், காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அடுத்தது வாசனைத் தைலம். வேறொரு பீவரின் உடம்பிலிருந்து எடுத்தது. கரையில் சேற்றைக் குவித்து அதன்மேல் ஊற்றினால், யாரோ அயலான் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று வீட்டுப் பீவர் சண்டைக்கு வரும். பக்கத்திலேயே பொறி. திட்டத்தில் குறையில்லை. மூடிதான் இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்துத் திறந்ததில் பாதித் தைலம் சட்டையிலும் மீதி மீசையிலும் இறங்கியது.

வெய்க்கோவின் நாய் அவரை முகர்ந்து பார்த்துவிட்டு, நேராக ஆர்மாஸ் வீட்டுக்குக் குடிபோனது.

"என்னங்க, கிட்ட வராதீங்க. இன்னிக்குப் படுக்கை சவுனாவுலதான்," என்றாள் ஐலி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

மேல்பலகையில் படுத்தார். கீழே குழாய் சளசளவென்று ஒழுகி, தரைப் பலகை இடுக்கு வழியாக ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. ஓடை சத்தமே போடாமல் நகரும் ஜாதி. அதனால் இந்தச் சத்தம் மட்டும் தனிக் கச்சேரியாகக் கேட்டது. வெய்க்கோ எழுந்தார். ஒரு தீர்மானத்தோடு பஞ்சைத் தேடினார். இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்ததும் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. வெளியே கதவின் பாதிவரை சேறு அப்பியிருந்தது. சுவரிலும் அப்பியிருந்தது. ஜன்னல் வழியாக அரை உடம்பை வெளியே விட்டுப் பார்த்தால் அணைமேல் இரண்டு பீவர்கள். அயலான் வாசனை கண்டு பழைய ஆள் பயப்படவில்லை. சம்சாரத்தையும் வேலைக்கு அழைத்து வந்துவிட்டது.

தண்ணீர் மூன்றாம் படியில்.

கடைசியாக ஆர்மாஸ் ஒரு கூண்டுப் பொறியை இரவல் கொடுத்தார். பெரிய கம்பிவலைப் பெட்டி, சூட்கேஸ் மாதிரி திறந்து கிடக்கும், தொட்டால் மூடிக்கொள்ளும்.

"இரைக்குப் பாப்ளர் கொத்தை உள்ள வைக்கறப்போ ஜாக்கிரதை மாப்ள."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்றபடி வெய்க்கோ குனிந்தார்.

டமார்.

இடுப்புவரை பெட்டிக்குள், மீதி பெட்டிக்கு வெளியே. கையை அசைக்க முடியவில்லை. ஆர்மாஸ் ஆள் கூப்பிட ஓடினார். ஓடுவதற்கு முன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சிரிக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் விரல் இல்லாத பீவர் கரையேறி வந்தது. வெய்க்கோவின் மூக்குக்கு நேரே உட்கார்ந்தது. வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாப்ளர் கிளையை நிதானமாக உருவி எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியது.

ஐலி வந்தாள். பொறிகளைச் சோதிக்க வந்த டோரிஸும் கூடவே வந்தாள். அனுமதிச் சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"இதுல பீவர்னுதான் சார் போட்டிருக்கு."

"வால் இல்லம்மா, விட்டுரு," என்றார் ஆர்மாஸ்.

பெட்டியைத் திறந்து அவரை வெளியே எடுத்துப் போட்ட டோரிஸ், சவுனாவைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஓடையை அடைக்கும், சரி. சுவத்துக்கு எதுக்குப் பூச்சு வேலை?"

கிட்டப் போய்ச் சுவரில் காது வைத்தாள்.

"உள்ள ஏதாவது ஒழுகுதா சார்?"

"ஒரு குழாய்... லேசா," என்றார் வெய்க்கோ. காதில் பஞ்சு இன்னும் இருந்தது.

"அட! தண்ணி ஒழுகற சத்தம் கேட்டா இதுங்களுக்கு இருப்புக் கொள்ளாது. சத்தம் வர்ற இடத்தைத் தேடிப் போய் அடைக்கும், நிக்கிற வரைக்கும் அடைக்கும். ஒரு வாஷரை மாத்துங்க, அணையைக் கொஞ்சம் திறந்து விடுங்க. மறுபடி இந்தப் பக்கம் வராது. திருநாளுக்கு நீங்க தாராளமா வேர்க்கலாம்."

ஆர்மாஸின் முகம் சற்று வாடியது.

"ஆமா, இது எத்தனை நாளா ஒழுகுது?" என்று கேட்டாள் டோரிஸ்.

எல்லாரும் ஐலியைப் பார்த்தார்கள். ஐலி ஓடையைப் பார்த்தாள். அங்கே விரல் இல்லாத அந்தக் கிழம் ஒரு கை சேற்றோடு மறுபடியும் சவுனாவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"மார்ச் மாசத்துலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கேன்," என்றாள். "காதுல வாங்கினது அது ஒண்ணுதான்."