மூன்றாம் கவுண்டரில் சிரிப்பு

இந்த வருடம் யாரை எரிப்பது என்ற பேச்சு வந்தபோது ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் ஒதிலியாவைப் பார்த்தார்கள்.



சான் எலியாஸ் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் டிசம்பர் முதல் தேதி கூட்டம். வருடக் கடைசி நாளில் ஒவ்வொரு அலுவலகமும் தன் வாசலில் ஒரு வைக்கோல் பொம்மையை எரிக்கும். அதற்குப் பெயர் ‘பழைய வருசம்’. அந்தப் பொம்மைக்கு ஒரு முகம் வேண்டும். அந்த வருடம் ஊரைப் படுத்தியெடுத்த யாராவது ஒருவரின் முகம். கால்பந்துப் பயிற்சியாளர், மேயர், யாருடைய மாமியாராவது. வெளியே ஆள் கிடைக்காவிட்டால் உள்ளேயே தேடுவார்கள்.

புது மேலாளர் இஞ்சினியர் ஃபப்ரிசியோ சுவரில் ஒட்டியிருந்த சூரியகாந்திப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எந்தப் பாலமும் கட்டியதில்லை. ஆனாலும் அவரை இஞ்சினியர் என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

“இந்தத் தடவை நாம எரிக்கப்போறது ஒரு மனுசனை இல்ல. கசந்துபோன மனப்பான்மைய. வாழ்க்கைல தொண்ணூறு சதவீதம் மனப்பான்மைதான். மீதி பத்து சதவீதம் உற்சாகம்.”

“அப்ப வேலை எத்தனை சதவீதம் இஞ்சினியர்?” என்று கேட்டுவிட்டாள் ஒதிலியா.

அவர் அவளையே பார்த்துச் சிரித்தார். “பாத்தீங்களா? இதைத்தான் சொன்னேன்.”

அப்போதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தது.

ஒதிலியாவுக்கு ஐம்பத்தொன்று. இருபத்து மூன்று வருடமாக மூன்றாம் கவுண்டர். சிரிக்காத ஆணைப் பார்த்தால் ‘பாவம், வேலைப் பளு’ என்பார்கள். சிரிக்காத பெண்ணை ‘கசந்தவள்’ என்பார்கள். ஊர் அவளை அப்படித்தான் சொன்னது, அவளும் அதைப் பொருட்படுத்தியதில்லை. ஆனால் எரிப்பது வேறு விஷயம். எட்டு வருடத்துக்கு முன் ஆவணக் காப்பாளர் எலெயுதெரியோவை, மேஜையில் தூங்குகிறார் என்று, பொம்மையாக்கி, கையில் தலையணை கொடுத்து எரித்தார்கள். அன்றிலிருந்து அவர் பெயரே தலையணை. அவர் செத்தபோது பாதிரியாரே சவப்பெட்டி முன்னால் நின்று, “நம் அன்புச் சகோதரர் தலையணை” என்று ஆரம்பித்துவிட்டு இருமினார்.

தன் பெட்டி முன்னால் பாதிரியார் எப்படி இருமுவார் என்று யோசித்து ஒதிலியா இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினாள். கன்னம் வலித்தது.

அன்று முதல் ஆளாக வந்தவர் நெல் வயல்காரர் செகுந்தோ. அண்ணனின் இறப்புச் சான்றிதழுக்காக வந்திருந்தார்.

“காலை வணக்கம்” என்று ஒதிலியா எல்லாப் பல்லையும் காட்டினாள். “நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?”

செகுந்தோ ஓரடி பின்வாங்கினார். “என்னம்மா ஆச்சு? அண்ணன் சாகலையா?”

“செத்துட்டாருங்க. சந்தோசமா எழுதித் தர்றேன்.”

அவர் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் இரண்டாம் கவுண்டர் வரிசையில் போய் நின்றார். இரண்டாம் கவுண்டர் வெல்லிங்டன் எட்டிப் பார்த்தான். முப்பது வயது, மீசை, வருடா வருடம் பொம்மை செய்பவன் அவன்தான்.

“அக்கா, பல் வலியா?”

“இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்.”

“மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கே.”

அவன் கண் தன் தோள் அகலத்தை அளப்பது போல ஒதிலியாவுக்குப் பட்டது. இன்னும் அகலமாகச் சிரித்தாள்.

இஞ்சினியர் அடுத்த கட்டளையை ஒட்டினார். ‘முடியாது’ என்ற சொல்லை இனி யாரும் கவுண்டரில் சொல்லக் கூடாது. ‘அருமை’ என்றுதான் தொடங்க வேண்டும். அந்தச் சுவரொட்டியைப் பார்த்தபோது ஒதிலியாவுக்கு அது தனக்காக மட்டுமே ஒட்டப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தது. மற்ற கவுண்டர்காரர்கள் அந்தச் சொல்லை வருடத்துக்கு ஒரு முறைகூடச் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டித் தப்பாக எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஆள் அதைத் திருத்தப் பக்கத்து ஊர் நீதிமன்றத்தில் போய் நிற்பான்.

வியாழக்கிழமை ஓர் இளைஞன் வந்தான். அப்பாவாகி மூன்று நாள். சட்டையில் ஊர்க் கால்பந்து அணியின் சின்னம்.

“பையன் பேரு?”

“செமிஃபைனல்.”

ஒதிலியாவின் பேனா நின்றது.

“நம்ம டீம் முதல் தடவையா செமிஃபைனல் போன அன்னைக்குப் பொறந்தான். செமிஃபைனல் அந்த்ரேஸ் பஹான்யா. நல்லாருக்குல்ல?”

இதற்கு முன் இப்படி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் படித்த ‘அவசர வழி’ என்பதை மகளுக்குப் பெயராக வைக்க வந்தவனை அவள் அரை மணி நேரம் திட்டினாள். போய்த் தூங்கி எழுந்து, நாளைக்குப் பெண்டாட்டியோடு வா என்று விரட்டினாள். அந்தப் பெண் இன்று ரோசாலியா. பல் மருத்துவம் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ‘அவசர வழி’ என்ற பெயரோடு அவள் எந்த வாசலை மிதித்திருப்பாள்?

ஒதிலியாவுக்குத் திட்டு நாக்கு நுனிவரை வந்தது. அறைக்கு அந்தப் பக்கம் இஞ்சினியர் காப்பியோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெல்லிங்டனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அருமை” என்றாள். முத்திரை குத்தினாள். 

சனிக்கிழமை அந்தக் குழந்தையின் தாய் வந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சான்றிதழைக் கண்ணாடியில் அறைந்தாள்.

“ஏங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? என் புள்ள பள்ளிக்கூடம் போக வேண்டாமா?”

“உங்க உணர்வுகளை மதிக்கிறேன்” என்றாள் ஒதிலியா, சிரித்தபடி.

“உணர்வா? மூணாம் கவுண்டர்லதான் போய் நிக்கணும்னு சொல்லித்தான் அந்த மடையனைத் தனியா அனுப்பினேன். வேற கவுண்டர்னா நானே பிரசவத் தையலோட வந்திருப்பேன்.”

வரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒதிலியாவுக்கு அதில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஊர் முழுக்கத் தன்மேல் கோபமாக இருக்கிறது. இன்னும் உற்சாகம் வேண்டும். போதவில்லை.

இஞ்சினியருக்கு மட்டும் ஏகக் குளிர்ச்சி. அத்தனை வசவிலும் அவள் சிரிப்பு மாறவில்லை என்று எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். மகிழ்ச்சிக் குழுவின் தலைவியாக்கினார். அந்தக் குழுவில் வேறு யாரும் இல்லை.

திங்கள் முதல் காலை ஏழே முக்காலுக்குக் கைதட்டல், பிறகு நடனம். ஒதிலியா முன்னால் நின்று இடுப்பை ஆட்டினாள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. கதவிடுக்கில் புகுந்த வெட்டுக்கிளிகள் அவளை விடத் தாளத்தோடு குதித்தன. வெல்லிங்டனின் முட்டி இரண்டாம் நாளே வீங்கியது. யாரும் யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை.

“இன்னைக்கு உங்க மனசு என்ன நிறம்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும்படி இஞ்சினியர் சொல்லியிருந்தார். கேட்டாள்.

“பழுப்பு” என்றான் வெல்லிங்டன்.

“அருமை.”

“இல்லக்கா, அருமையா இல்ல.”

வீட்டிலிருந்து விடிகாலையில் பாலாடைக்கட்டி வைத்துப் பச்சை வாழைக்காய் உருண்டை பிடித்து எல்லோருக்கும் கொண்டுவந்தாள். அந்த அவசரத்தில் உப்பை இரண்டு முறை போட்டிருந்தாள். எல்லோரும் மரியாதையாக விழுங்கித் தண்ணீர் குடித்தார்கள். அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. வெளியே போனால் தொடங்கியது.

பத்தொன்பதாம் தேதி நாற்காலியில் மாட்டியிருந்த அவளுடைய நீலக் கோட்டு காணாமல் போனது.

அங்கே டிசம்பரில் ஓர் ஆளின் துணி காணாமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பொம்மைக்குச் சொந்த உடைதான் போட வேண்டும், அதுதான் முறை. இருபத்தொன்றாம் தேதி பழைய மூக்குக் கண்ணாடி போனது. இருபத்து மூன்றில் மேஜைக்கு அடியில் வைத்திருந்த தட்டைச் செருப்பு.

“யாராவது என் செருப்பைப் பாத்தீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். குரல் கீச்சென்று வந்தது.

இஞ்சினியரைத் தவிர எட்டுப் பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

அன்று மதியம் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஆவணக் காப்பறைக் கதவுக்குப் பின்னால் வெல்லிங்டனின் குரல் கேட்டது.

“வாய்தான் முக்கியம். வாய்லதான் ஆள் தெரியணும்.”

“எவ்வளவு பெருசா வைக்கிறது?” என்றாள் துப்புரவுக்காரி திக்னா.

“காது வரைக்கும் வை.”

திக்னாவுமா. பத்து வருடமாக அவளோடு ஒரே மேஜையில் சோறு தின்றவள்.  இருபத்து மூன்று வருடம் இந்த வாய் திட்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. வெல்லிங்டன் வேலைக்குச் சேர்ந்த வாரம் ஓர் உயிருள்ள ஆளுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்ததற்கு அவனை அழும்வரை திட்டியிருக்கிறாள். பிறகு அவன் பதிவேட்டை ஒரு மாதம் தினமும் அவளே சரிபார்த்தாள். அதை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? திட்டியதுதான் நிற்கும்.

முப்பதாம் தேதி சாப்பாட்டு நேரத்தில் காப்பறைக்குள் நுழைந்தாள். பொம்மையைத் திருடிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். மூலையில் போர்வைக்குள் அது உட்கார்ந்திருந்தது. போர்வைக்குக் கீழே அவளுடைய தட்டைச் செருப்பு, அவளைப் போலவே கொஞ்சம் உள்பக்கம் திரும்பி. போர்வையைத் தூக்கிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. காலைப் பிடித்து இழுத்தாள்.

கால் மட்டும் கையோடு வந்துவிட்டது. உமியும் மரத்தூளும் தரையில் கொட்டின.

“ஒதிலியாம்மா.”

வாசலில் திக்னா, கையில் துடைப்பத்தோடு.

“சுத்தம் பண்ணலாம்னு வந்தேன்” என்றாள் ஒதிலியா, காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரித்து.

திக்னா உமியைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“காலைக் குடுத்துட்டுப் போய்ச் சாப்பிடுங்க. நான் தைச்சுடுறேன்.”

இரக்கம்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டே ஒதிலியா போனாள். 

முப்பத்தொன்றாம் தேதி நண்பகல். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ மழை இல்லை. அலுவலக வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. செகுந்தோ தொப்பியோடு முன் வரிசையில் நின்றார். செமிஃபைனலின் தாயும் வந்திருந்தாள். இஞ்சினியர் தன் யோசனை நிறைவேறுவதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எரியப்போகும் பழைய வருசத்துக்கு அழும் விதவை வேடம் வெல்லிங்டனுக்கு. கறுப்புக் கவுன், கறுப்பு முக்காடு, அதற்கு அடியில் மீசை. முட்டி வலியில் நொண்டி நொண்டி வந்து, பொம்மையின் காலைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தான். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. பிறகு போர்வையை உருவினான்.

நீலக் கோட்டு. மூக்குக் கண்ணாடி. தட்டைச் செருப்பு. தலையில் காகிதக் கிரீடம், இரண்டு கையும் கைதட்டுவது போல ஒட்டியிருந்தது. முகத்தில் காது முதல் காது வரை சிவப்பாக ஒரு சிரிப்பு, அதில் அட்டைப் பற்கள் முப்பத்திரண்டு.

 திட்டிய வாய் அல்ல, சிரித்த வாய். ஆக, கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் பட்ட பாடெல்லாம் வேஷம் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. திட்டினாலும் எரிப்பார்கள், சிரித்தாலும் எரிப்பார்கள்.

விதவை, பொம்மை எழுதி வைத்த உயிலைப் பிரித்தாள்.

“காலை நடனத்தை இஞ்சினியருக்கு எழுதி வைக்கிறேன், அவரே ஆடிக்கட்டும். இந்த முட்டியை யாருக்கு எழுதுறதுன்னு தெரியல. என் உருண்டைல மிஞ்சின உப்பை மீன் காயவைக்கிறவங்களுக்கு எழுதுறேன். ‘அருமை’ங்கிற வார்த்தைய செமிஃபைனலோட அப்பனுக்கு எழுதி வைக்கிறேன். அவன் அதை வச்சு நீதிமன்றத்துல பேரை மாத்திக்கட்டும்.”

“எரிங்க சீக்கிரம்” என்று கத்தினார் செகுந்தோ. கூட்டமும் சேர்ந்து கத்தியது.

இஞ்சினியரின் ஃபோன் மெல்லக் கீழே இறங்கியது.

பொம்மையின் வயிற்றுக்குள் பட்டாசு இருந்தது. எல்லோரும் பத்தடி விலகினார்கள். ஒதிலியா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள், நகரத் தெரியவில்லை. திக்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையில் ஒரு தீப்பெட்டியை வைத்து அழுத்தினாள்.

“நீங்கதான் பத்த வைக்கணும்.”

அதுவும் வேண்டுமா. ஒதிலியா முதல் குச்சியை உரசினாள். உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. நாலு வாரமாகக் கன்னத்தில் மாட்டியிருந்த சிரிப்பு தானாகக் கழன்று விழுந்தது. கண் நிறைந்துவிட்டது.

“ஏண்டி திக்னா” என்றாள், குரல் உடைந்து, “என்மேல அவ்வளவு வெறுப்பாடி உங்களுக்கெல்லாம்? திட்டுனது தப்புதான். அதுக்கு இப்படியா? காலைக் கூட ஒழுங்காத் தைக்கத் தெரியல உனக்கு, கோணலா நிக்குது, அவமானப்படுத்துறதையாவது உருப்படியா செய்யக் கூடாதா?”

 விதவை வேடத்தில் இருந்த வெல்லிங்டன் முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். திக்னா மூன்றாவது குச்சியைத் தானே எடுத்து ஒதிலியாவின் விரலிடுக்கில் வைத்தாள்.

“உங்கள யாரு எரிச்சா? நாலு வாரமா உங்க நாற்காலில வந்து உக்காந்துகிட்டு இளிச்சாளே ஒருத்தி, அவளை எரிச்சாத்தாம்மா எங்க ஒதிலியா ரெண்டாந்தேதி வேலைக்கு வருவாங்க.”