எதிர்காலம் உள்ள மதர்போர்டு

ஆகுர்டி, புனே
நவராத்திரி நாலாம் நாள்

சிரஞ்சீவி மாப்பிள்ளை கௌஷிக் அவர்களுக்கு,

மாமனார் ஜெகதீசன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ருக்மிணியும் சௌக்கியம், கம்ப்யூட்டர் மட்டும் சௌக்கியமில்லை. அங்கே தாங்களும் அம்முவும் தங்கள் மூன்று கம்ப்யூட்டர்களும் சௌக்கியமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இதே புனேயில் வாகடில் இருக்கும் மாப்பிள்ளைக்கு ஆகுர்டியிலிருந்து கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். போன் செய்தால் மீட்டிங் என்கிறீர்கள், வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்புகிறீர்கள். தங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே அரை நாள் ஆகும் என்பதும் தெரியும். அம்மு படித்துக் காட்டுவாள்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். ருக்மிணி ஆன்லைனில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பழைய கம்ப்யூட்டர் மழைக்காலத்தில் மண்டையைப் போட்டது. விஜயதசமிக்குள் புதுசு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எட்டுக் குழந்தைகளும் தமிழ்ச் சங்கத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வைஜயந்தி மாமியிடம் போய்விடும். அந்த மாமி ஏற்கெனவே ரெண்டு அம்மாக்களுக்குப் போன் போட்டு, "ருக்மிணிக்கு உடம்பு சரியில்லையாமே" என்று விசாரித்தாயிற்று. சின்னதா, மலிவா, ஓடற மாதிரி ஒண்ணு சொல்லுங்கோன்னுதான் நான் கேட்டேன். தாங்களோ, "மாமா, மதர்போர்டு பட்ஜெட்ல வாங்கலாம், ஆனா ஃப்யூச்சர் அப்கிரேடுக்கு வழி இருக்கணும்" என்று ஒரு லிஸ்ட் அனுப்பினீர்கள். ராம் செருக நாலு இடம், இப்போதைக்கு ஒன்று, பின்னால் மூன்று. டிஸ்க் வைக்க ரெண்டு இடம், ஒன்று இப்போது, ஒன்று பின்னால். அடுத்த தலைமுறை ப்ராசஸரும் உட்காருமாம். எழுபத்தொரு வயதில் எனக்கு இவ்வளவு எதிர்காலம் இருப்பதாக நம்பும் ஒரே ஆள் தாங்கள்தான். என் டாக்டரே ஆறு மாதத்துக்கு மேல் மாத்திரை எழுதுவதில்லை. தாங்கள் ஃப்ளாட் வாங்கியதும் இதே முறைதான் என்பதை நான் மறக்கவில்லை. பின்னால் மெட்ரோ வரும், பின்னால் பெரிய ரோடு வரும், பின்னால் தண்ணி வரும் என்றீர்கள். இப்போதைக்கு டாங்கர் வருகிறது.

மாப்பிள்ளை சொல்லுக்கு மறுசொல் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆகவே நவராத்திரி முதல் நாள் கேம்ப் கடைத்தெருவுக்கு பஸ் ஏறி, தங்கள் லிஸ்டை அட்சரம் பிசகாமல் வாங்கினேன். கடையில் அனிருத் என்று ஒரு மராட்டிப் பையன், தங்கமான பிள்ளை, அரை மணி நேரம் ஹிந்தியில் விளக்கினான். முப்பத்துநாலு வருஷம் வண்டித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் நான், ஒரு நட்டு அரை நூல் கூடினாலும் திருப்பி அனுப்பியவன், எனக்கா விளக்க வேண்டும்? எல்லாம் புரிந்தது. நாளைக்கு வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்றான்.

போர்டு வீட்டுக்கு வந்ததும் ருக்மிணி அதற்கு நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம் வைத்தாள். பெட்டிக்கு வெச்சாப் போறாதான்னு கேட்டேன். "பெட்டியா பாட்டு க்ளாஸ் நடத்தப் போறது?" என்றாள். மறுநாள் வந்த அனிருத் பார்த்துவிட்டு, "அங்கிள், யே கியா ஹை?" என்று கேட்டான், பூஜை என்றேன், கன்னத்தில் போட்டுக்கொண்டு, பஞ்சால் துடைத்துவிட்டு, மாட்டினான். ஸ்விட்ச் போட்டால் காத்தாடி சுத்தறது, உள்ளே சிவப்பு, பச்சை, நீலம்னு என்னென்னமோ மின்னறது, திரையில மட்டும் "நோ சிக்னல்". அவன் ஏதோ கார்டு, கார்டு என்றான். ஆதார் கார்டைக் கொடுத்தேன். தலையில் அடித்துக்கொண்டு, மாப்பிள்ளையைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் தங்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், சந்தனத்தோடு ஒன்று, சந்தனம் இல்லாமல் ஒன்று. தாங்கள் ஒரே நிமிஷத்தில், "மாமி வெச்ச சந்தனத்துல ஷார்ட் ஆகியிருக்கும்" என்று எழுதி, பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிற நாலு மூஞ்சிகளையும் போட்டிருந்தீர்கள்.

அந்தச் செய்தியை ருக்மிணி பார்த்துட்டா, மாப்பிள்ளை. "நாப்பத்தஞ்சு வருஷமா மிக்ஸிக்கு வெச்சேன், ஸ்கூட்டருக்கு வெச்சேன், மாப்பிள்ளை காருக்கும் நான்தானே வெச்சேன், எது ஓடாமப் போச்சு?" என்று கேட்டுவிட்டு, கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். சுண்டலுக்கு வந்த பெண்கள் பாடச் சொன்னதற்கும் பாடவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. போர்டுக்கு எதிர்காலம் இருக்கிறது, சந்தோஷம், ஆனால் அவளுடைய நிகழ்காலத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் பாக்கி. இப்போதைக்கு அந்தப் பெட்டியைக் கொலுவின் கடைசிப் படியில் வைத்திருக்கிறோம். செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் நன்றாக மின்னுகிறது. வருகிற மாமிகள் எல்லோரும் இது எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள்.

ஆகவே தங்களுடைய அடுத்த லிஸ்டில், எதிர்காலத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, இன்றைக்குப் படம் தெரிகிற மாதிரி ஏதாவது ஒன்றைச் சேர்க்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்குப் பதவி உயர்வும், ரோடும், தண்ணீரும் சீக்கிரமே கிட்ட அம்பாள் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
ஜெகதீசன்

பி.கு.: அம்மு, இது உனக்கு மட்டும். கூரியர் கடை மூடியிருந்ததால் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ரெண்டு மணி நேரம் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு, தன் கேம்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தவர், "மாமா, பில் இருக்கா?" என்று கேட்டார். லிஸ்டில் அவர் எழுதியிருந்தது படம் காட்டும் பாகம் உள்ளேயே இருக்கிற ப்ராசஸர். நான் வாங்கியது அது இல்லாத ப்ராசஸர். ஆயிரத்து நானூறு கம்மி என்று அனிருத் சொன்னது மட்டும்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது, மற்றதுக்கெல்லாம் தலையை ஆட்டினேன். "தனியாகக் கார்டு போடணும், கஸ்டமருக்குச் சொல்லியாச்சு" என்று அந்தத் தங்கமான பிள்ளை பில்லிலேயே எழுதி வைத்திருக்கிறான்.

உன் புருஷன் பில்லைப் படித்தார், என்னைப் பார்த்தார், நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் உன் அம்மாவிடம் போய், "மாமி, உங்க சந்தனம் ஒண்ணுமே பண்ணலை. நான்தான் லிஸ்ட்ல தப்பா எழுதிட்டேன், சாரி" என்றார். கார்டை மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. கார்டுக்கும் சந்தனம் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார், நாலு அடை சாப்பிட்டார். நேற்று விஜயதசமிக்கு எட்டுக் குழந்தைகளோடு புதிதாக ரெண்டு சேர்ந்திருக்கின்றன. ஒன்று வைஜயந்தி மாமியின் பேத்தி.

ஆகவே மேலே உள்ளதில் ஒரு வரி கூட அவருக்குப் படித்துக் காட்டாதே. அப்பா போர்டு பிரமாதம்னு எழுதியிருக்கார்னு மட்டும் சொல்லு. கிழித்துப் போட்டிருக்கலாம்தான், ஆனால் மூணு நாள் உட்கார்ந்து எழுதினது, டாங்கர் வரி நன்றாக வந்திருக்கிறது, நீயாவது படி. உன் அம்மாவிடம் எதையும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தப்பு தன்னுடையதுதான் என்று மாப்பிள்ளையே ஒப்புக்கொண்டுவிட்டார், நானும் பெரிய மனசு பண்ணி, அம்மா எதிரிலேயே அவரை மன்னித்துவிட்டேன்.